டி.எம்.ஏ. உப்போடு குடித்தனம் நடத்துவது எப்படி?

கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. முடித்து, ஹைதராபாத் அமீர்பேட்டை ஹாஸ்டலில் பெட்டியை இறக்கி, ஜீடிமெட்லா பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்துவிட்ட தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாழ்த்து. உங்கள் முன் சீக்கிரமே ஒரு டிரம் உருண்டு வரும். உள்ளே வெள்ளைத் தூள்: டைமெத்தில்அமீன் ஹைட்ரோகுளோரைடு. முழுப் பெயர் சொன்னால் புது ஆள் என்று தெரிந்துவிடும். டி.எம்.ஏ. ஹெச்.சி.எல். என்றே சொல்லிப் பழகுங்கள்.

இது எதற்கு என்று ஊரில் கேட்டால், “நம்ம அப்பா போடுற சுகர் மாத்திரைக்குத்தான்” என்று சொல்லுங்கள், மரியாதை கூடும். பொய்யும் இல்லை. இந்த உப்பையும் டைசயன்டையமைடையும் சேர்த்துச் சூடாக்கினால் மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு. 1922-இல் டப்ளினில் வெர்னரும் பெல்லும் செய்து காட்டினார்கள். அது சர்க்கரை வியாதிக்கு உதவும் என்று பாரிஸில் ழான் ஸ்டெர்ன் சொல்ல 1957 ஆயிற்று. இன்று ஹைதராபாத்திலிருந்து அது உலகத்துக்கே போகிறது.

மாத்திரை அட்டையைப் பிரித்ததும் சிலருக்கு லேசாக மீன் வாடை அடிக்கும். சுத்த சைவமான பெரியப்பா ஒருவர் போன் போட்டு, “ஏண்டா, இதுல என்னடா கலக்குறீங்க?” என்று கேட்பார். அமீன் என்று விளக்க ஆரம்பித்தால், மீன் என்றுதான் அவர் காதில் விழும். பேச்சை மாற்றுங்கள்.

இனி கையாளும் முறை. தூளுக்கு ஈரம் என்றால் உயிர். டிரம்மைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். வருவதற்குள் உறிஞ்ச ஆரம்பித்திருக்கும், மழைக்காலமென்றால் கெட்டிப்பட்டும் போயிருக்கும். அதைச் சுரண்ட டிரம்முக்குள் தலையை விடுங்கள், கண்ணாடி வேண்டாம், கண்ணெரிச்சல் இலவசம். ஈரம் பட்ட குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அரிக்கும். கண்ணாடிப் பூச்சு ரியாக்டர் விலை அதிகமென்று முதலாளி அலுத்துக்கொண்டால் கூடவே தலையாட்டுங்கள்.

தரையில் கொட்டிவிட்டதா? காஸ்டிக் ஊற்றிக் கழுவுங்கள், ஃபுளோர் முழுக்க உங்களைப் பேர் சொல்லித் திட்டும். மீன் குழம்பில் புளி செய்கிற வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். மீனின் அமீனைப் புளியின் அமிலம் உப்பாக்கிக் கட்டிப்போடுகிறது, வாடை எழும்புவதில்லை. காஸ்டிக் அந்தக் கட்டை அவிழ்த்துவிடும். விடுபட்ட டைமெத்தில்அமீனின் கொதிநிலை வெறும் 7 டிகிரி. ஹைதராபாத் வெயிலில் அது திரவமாக உட்கார்ந்திருக்குமா? வாயுவாகும், தொண்டையைப் பிடிக்கும், தீப்பொறி கிடைத்தால் பற்றவும் செய்யும். ஆனால் கவலை வேண்டாம். சற்று நேரத்தில் மூக்கு பழகிவிடும். நாற்றம் போய்விட்டது என்று ரிஜிஸ்டரில் எழுதிவிடலாம். வாயு அங்கேயேதான் இருக்கும். எழுதுவது மூக்கைப் பற்றித்தானே.

வெளியேறும் வாயுவை ஸ்க்ரப்பரில் அமிலத் தண்ணீர் பிடித்து மறுபடி உப்பாக்கும். அதுவும் புளி வேலைதான், கரண்ட் செலவுடன். நள்ளிரவுக்கு மேல் அதற்கு ஓய்வு கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. பொல்லாரம், பாச்சுபள்ளி அபார்ட்மென்ட்காரர்கள் ராத்திரியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பதற்குக் குளிர் மட்டும் காரணமில்லை.

நாற்றம் இருக்கும்வரை எச்சரிக்கையாவது இருக்கிறது. இந்த உப்புக்குப் பக்கத்தில் சோடியம் நைட்ரைட்டை வைத்து, கொஞ்சம் அமிலமும் சேர்ந்தால், என்.டி.எம்.ஏ. என்ற நைட்ரோசமைன் உருவாகும். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சந்தேகிக்கப்படும் பொருள். கண்ணும் மூக்கும் கண்டுபிடிக்காத அளவே போதும்: நாளொன்றுக்கு 96 நானோகிராம் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. வரம்பு வைத்திருக்கிறது. 2018-இல் ரத்த அழுத்த மாத்திரை வால்சார்டன் திரும்பப் பெறப்பட்டது இதனால்தான். அதன் தயாரிப்பில் இந்த உப்பைப் பயன்படுத்தவே இல்லை. கரைப்பானாக இருந்த டி.எம்.எஃப். சிதைந்து டைமெத்தில்அமீனைத் தந்தது, நைட்ரைட் ஏற்கெனவே அங்கே இருந்தது. 2020-இல் மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மின் சிலவற்றுக்கும் அதே கதி.

ஆகவே, ஸ்டோரில் இடம் போதவில்லை என்று நைட்ரைட் மூட்டையை டி.எம்.ஏ. டிரம்முக்கு அண்டை வீடாக்க யாராவது சொன்னால், தாராளமாக ஒத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சொன்னவர் கையெழுத்தோடு. மூட்டை நகரவே நகராது.