விலையில்லாச் சரக்கு

கோவை உக்கடத்துக்காரனுக்கு விலை சொல்லாத சாமானைக் கண்டால் சந்தேகம் வரும். கடைக்காரர் முந்நூறு என்பார், நாம் நூறு என்போம். அவர் நெஞ்சில் கை வைப்பார், நாம் நாலடி நடப்போம், அவர் கூப்பிடுவார். 2024-இல் மேம்பாலம் திறந்தபின் வண்டிகள் பாதி மேலே போய்விட்டன, பேரம் மட்டும் கீழேயே நடக்கிறது. இப்படி வளர்ந்த என்னிடம், "கம்ப்யூட்டர்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுக்கலாங்ப்பா, காசே வேண்டாம்" என்றான் மகன். காசே இல்லையென்றால் எதிலிருந்து குறைத்துக் கேட்பது?

விஷயம் இதுதான். மகள் பள்ளியில் வாங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி பரணில் கிடந்தது. ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனேன். "விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு நின்னு போச்சுங்ண்ணா. 11 போடோணும்னா நாலு ஜிபி ரேம் வேணும், டிபிஎம் 2.0 வேணும். புதுசு எடுத்துருங்க" என்றார் தம்பி. புதுசின் விலையைக் கேட்டேன். நாலடி இல்லை, வீடு வரைக்கும் நடந்தேன். அவர் கூப்பிடவில்லை.

2011-இல் அந்தத் திட்டம் தொடங்கியபோதே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் அரசு கொடுத்தது. சி-டாக் உருவாக்கிய நம்மூர்ச் சரக்கு. எங்கள் தெருவில் அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமாப் படம் ஏற்றாத வீடு குறைவு.

மகன் லினக்ஸ் மின்ட் என்ற ரகத்தைத் தேர்ந்தெடுத்தான். ரெண்டு ஜிபி ரேமும் இருபது ஜிபி இடமும் இருந்தால் ஒண்டிக்கொள்ளுமாம். ஒண்டிக்குடித்தனம் நமக்குப் புதிதா? அதை ஏற்ற ஒரு பென் டிரைவ் வேண்டும் என்றான். அப்பாடா, ஒரு விலை வந்தது! முந்நூற்றைம்பது சொன்னதை முந்நூறாக்கிவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

கற்றுக்கொள்ளப் புத்தகம்? கணியம் இதழ் 2012 முதல் இதையெல்லாம் தமிழிலேயே எழுதி இலவசமாக வைத்திருக்கிறது. இலவசம் என்பதால் நான் நம்பவில்லை. பழைய புத்தகக் கடைக்குப் போய், அட்டை போன யூனிக்ஸ் பாடப்புத்தகம் ஒன்றைப் பிடித்தேன். "ஏனுங் பாய், நான் கல்யாணம் பண்ணுன காலத்துப் புஸ்தகம், இதுக்கு எம்பது ரூவாயா?" என்று முப்பதுக்கு முடித்தேன். மகன் சிரித்தான். அவன் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. கோப்புகளைக் காட்டும் எல்எஸ், நகலெடுக்கும் சிபி, இடம் மாற்றும் எம்வி, ஒழித்துக் கட்டும் ஆர்எம் எல்லாம் 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இருப்பவை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் எழுதும்போதும் யூனிக்ஸ் வழியையே பிடித்துக்கொண்டார். விண்டோஸ் 98 புத்தகம் இன்றைக்குப் பொட்டலம் மடிக்கத்தான் ஆகும். என் முப்பது ரூபாய் சரக்கில் உள்ள கட்டளைகள் மின்டில் அப்படியே ஓடின. முதலீடு என்றால் இதுவல்லவா?

ஓடாதது நான்தான். 'சூடோ' என்று கட்டளையைத் தொடங்கினால் கடவுச்சொல் கேட்கிறது. எதைத் தட்டினாலும் திரையில் வெறும் நட்சத்திரக் குறிதான் விழுகிறது. பக்கத்தில் இருப்பவர் எழுத்துகளைப் படித்துவிடக் கூடாதென்று அப்படி வைத்திருக்கிறார்களாம். விசைப்பலகை போய்விட்டதென்று நான் குத்திய குத்தில், அடுப்படியிலிருந்து வந்தாள் என் மனைவி. "ஏனுங்க, தேங்கா ஒடைக்கறதுன்னா வெளிய வெச்சு ஒடைங்க."

எப்படியோ கரண்ட் பில் கட்டும் அளவுக்குத் தேறிவிட்டேன். பொள்ளாச்சியிலிருந்து ஒறம்பரையாக வந்த மச்சான் பார்த்துவிட்டு, தன் பழைய கணினிக்கும் வேண்டும் என்றார். "சும்மாதாங் மாப்ள, எடுத்துக்குங்க" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "சும்மாவா? அப்ப என்னமோ கொறை இருக்குது."

லினக்ஸின் உரிமமான ஜிபிஎல், நகலெடுத்துத் தரும் வேலைக்குக் காசு வாங்கிக்கொள்ளலாம் என்றே சொல்கிறது. ஆகவே ஐந்நூறு என்றேன். மச்சான் முகம் மலர்ந்தது. நெஞ்சில் கை வைத்தேன், வாசல் வரை நடந்தார், கூப்பிட்டேன். நூற்றைம்பதுக்கு முடித்துவிட்டு, பென் டிரைவைக் கொசுறாகக் கேட்டு வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.