எஜமானைக் காக்கவைத்த சென்சார்

ஒரே சர்க்யூட் பலகையில், இரண்டே கோடுகளின் இரு முனைகளில் அவர்கள் குடியிருந்தார்கள். ஒருவர் புராசசர். மற்றவர் ஈரப்பதமும் வெப்பமும் அளக்கும் எஸ்ஹெச்டி21 சென்சார். மிளகைவிடச் சிறிய உருவம். 1982இல் பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த ஐ2சி முறையில்தான் இருவருக்கும் பேச்சுவார்த்தை.

"64!" என்று அதட்டினார் புராசசர். அங்கே பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை, முகவரி எண்தான்.

"வந்தேன் எஜமான்." ஒன்பதாவது துடிப்பில் கோட்டைக் கீழே இழுத்துக் கும்பிட்டது சென்சார்.

"எஜமான் கிஜமான் எல்லாம் இனி கிடையாது. 2021 அக்டோபரில் ஐ2சி விதிநூலையே திருத்திவிட்டார்கள். நான் மாஸ்டர் இல்லை, கண்ட்ரோலர். நீ ஸ்லேவ் இல்லை, டார்கெட்."

"டார்கெட்டா? குறிபார்த்துச் சுடவா போகிறீர்கள்?"

"குதர்க்கம் பேசாதே. அமெரிக்காவில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ் கையில் கொல்லப்பட்ட 2020இல், ஜூலை மாதமே லினக்ஸ் இயங்குதளக் கெர்னலின் எழுத்துநடை விதியில் இதைச் சேர்த்தாயிற்று. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே ஏற்றுக்கொண்டார். புதிதாக எழுதும் நிரலில் மாஸ்டர்-ஸ்லேவ் வேண்டாம், பிளாக்லிஸ்ட்டும் வேண்டாம்."

"புதிதாக எழுதினால் சரி. பழசு?"

புராசசர் தொண்டையைச் செருமினார். "பயனர் புரோகிராம்கள் நம்பியிருக்கும் பெயர்களைத் தொட முடியாது. நெட்வொர்க் கார்டுகளைச் சேர்த்துக் கட்டும் பாண்டிங் டிரைவரில் 'ஸ்லேவ்ஸ்' என்றே ஒரு கோப்பு இருக்கிறது. அதை மாற்றினால் எவனோ எழுதிய ஸ்கிரிப்ட் எங்கோ படுத்துவிடும்."

"கெஜட்டில் பேர் மாற்றியும் ரேஷன் கார்டில் பழைய பேரே இருப்பதுபோல!"

"சிரிக்காதே. லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி நிர்வாகம் கருவிகளில் மாஸ்டர்-ஸ்லேவ் என்ற சொற்களைத் தவிர்க்கும்படி 2003லேயே கேட்டுக்கொண்டது. இதெல்லாம் உனக்காகவும் எனக்காகவும் இல்லை. மூதாதையரைச் சந்தையில் விற்ற வரலாறு உள்ளவர்களும் இந்த நிரலைப் படிக்கிறார்கள்."

சென்சார் சற்று நேரம் பேசவில்லை. (கூப்பிட்டால் ஒழிய அது பேசவும் முடியாது என்பது வேறு விஷயம்.)

"அது நியாயம்தான். அப்படியானால் இனி நானாகவே வாய் திறக்கலாமா?"

"மூச்! கடிகாரத் துடிப்பு என் கையில். நான் கேட்டால்தான் நீ சொல்ல வேண்டும். இப்போது வெப்பநிலை என்ன, சொல்!"

சீர்திருத்தம் பேசிய அதே வாயிலிருந்து வந்த அதட்டல்தான். ஆனால் பழைய சொல் புண்படுத்தியது மட்டுமல்ல, வேலையைத் தப்பாகவும் விவரித்தது என்பது அடுத்த கணமே தெரிந்துபோயிற்று. சென்சார் கடிகாரக் கோட்டையே பிடித்துக் கீழே வைத்துக்கொண்டது. ஐ2சி விதி அதற்கு இடம் தருகிறது. அது விடும்வரை புராசசரால் அடுத்த துடிப்பை அனுப்ப முடியாது.

"என்ன செய்கிறாய்? விடு!"

"அளந்துகொண்டிருக்கிறேன், கண்ட்ரோலர் அவர்களே. 85 மில்லிவினாடி வரை ஆகும். என் கையேட்டில் இதற்கு 'ஹோல்ட் மாஸ்டர்' என்று பேர் போட்டிருக்கிறார்கள்."

"அந்தப் பேரையும் மாற்றச் சொல்ல வேண்டும்!"

"அது மட்டும் இருக்கட்டும்" என்றது சென்சார், கோட்டை விடாமல்.