மயிலின் தரப்பு

பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று இரண்டாயிரம் வருஷமாகப் பாராட்டிக்கொண்டிருக்கிறோம். மயிலை யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா? அது பாட்டுக்கு மேகத்தைப் பார்த்துத் தோகையைச் சிலிர்த்திருக்கும். குளிரில் நடுங்குகிறது என்று வள்ளல் முடிவுகட்டிவிட்டார். போர்வையோடு அது எப்படி மரமேறியது என்பது பற்றிப் புலவர்களுக்குக் கவலையில்லை.

எனக்கு மயிலின் கஷ்டம் தெரியும். நான் மல்லேஸ்வரத்தில் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு ஸ்வெட்டர் மாமி இருக்கிறார்.

உங்கள் தெருவிலும் இருப்பார். கல்யாணப் பந்தியில் எதிர்வரிசையில் உட்கார்ந்தால் போதும், ரசம் வருவதற்குள் உங்கள் தோள் அகலம் அவரிடம் போய்விடும். சந்தேகம் வந்தால் மட்டும், "கொஞ்சம் திரும்பு" என்று முதுகில் சாண் போட்டுப் பார்ப்பார். பார்டருக்குப் பத்தாம் நம்பர் ஊசி, உடம்புக்கு எட்டாம் நம்பர். மூன்று வாரத்தில் ஸ்வெட்டர் வந்து சேரும். எனக்கு வந்தது பச்சை. இடது கை மட்டும் வேறு பச்சை. நடுவில் நூல் தீர்ந்து, மறுபடி வாங்கியபோது லாட் நம்பர் மாறிவிட்டதாம். "வெளிச்சத்துலேதான் தெரியும்" என்றார், சமாதானமாக.

"இப்பல்லாம் பெங்களூரில் எங்கே மாமி குளிர்?" என்று யாரும் அவரிடம் வாய் கொடுப்பதில்லை. 1884 ஜனவரி 13-ஆம் தேதி இந்த ஊரில் 7.8 டிகிரி அடித்தது. அதற்குக் கீழே இன்றுவரை இறங்கியதில்லை. நமக்கு அது பழங்கதை, மாமிக்கு எச்சரிக்கை. "திரும்ப வராதுன்னு யார் சொன்னா?" என்பார். பிறந்து வளர்ந்தது இங்கேயே என்பதால் பேச்சில் கன்னடம் கலந்து வரும். குளிரைச் 'சளி' என்பார். சென்னையிலிருந்து வந்த என் மைத்துனன், "சளி ஜாஸ்தியா இருக்கு" என்று மாமி சொன்னதைக் கேட்டுத் தைலத்தை எடுத்து நீட்டினான். அவனுக்கும் ஒரு ஸ்வெட்டர் ஆயிற்று.

இதெல்லாம் பரவாயில்லை. மாமியின் உண்மையான தொழில் பின்னுவது அல்ல, பின்னியதைத் தணிக்கை செய்வது.

"போட்டுக்கறியோ?"

"போட்டுக்கறேன் மாமி."

"கார்த்தால பால் வாங்க வந்தப்போ காணுமே?"

"தோய்க்கப் போட்டிருக்கேன்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. வெந்நீரா பச்சைத் தண்ணீரா, எந்த சோப்பு, முறுக்கிப் பிழிந்தாயா, கொடியில் தொங்கவிட்டாயா என்று விசாரணை கிளம்பிவிட்டது. தொங்கவிட்டால் நீர் கனத்துக்கு இழுத்து முழங்கால்வரை வந்துவிடுமாம். தரையில் துண்டு விரித்துப் பரத்திப் போட வேண்டுமாம். "எங்கே காயறது, காட்டு" என்று மாமி மாடிப்படி ஏற ஆரம்பித்தார். நான் பின்னால் ஓடினேன். மாடியில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து ஸ்வெட்டர் வாசற்கதவின் ஆணியிலேயே தொங்குகிறது. கேட் சத்தம் கேட்டால் முதலில் அது, அப்புறம்தான் தாழ்ப்பாள். கை நுழையாமல் தலை மட்டும் மாட்டிக்கொண்டு நான் தடுமாறிய நேரங்கள் உண்டு. ஏப்ரல் மாத மதியத்தில், 34 டிகிரி வெயிலில், முழுக்கை ஸ்வெட்டரும் வேர்வையுமாகக் கதவைத் திறந்து கூரியர் பையனிடம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "டாக்டர்கிட்ட காட்டினீங்களா சார்?" என்றான்.

அதே ஏப்ரலில்தான் சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமநவமிக் கச்சேரிகள். 1939 முதல் நடக்கிறது. ஊரே விசிறிக்கொண்டிருக்கும், மாமி மடியில் கம்பளி நூலோடு முன்வரிசையில் கண்ணி எண்ணிக்கொண்டிருப்பார். உதடு அசைவதைப் பார்த்து மிருதங்கக்காரர் தாளம் தெரிந்த ரசிகை என்று புன்னகை செய்வார்.

ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். இது வள்ளல்தன்மை இல்லை, குத்தகை. கடையில் வாங்கிக் கொடுத்த பரிசைக் கொடுத்தவரும் மறந்துவிடுகிறார், வாங்கியவரும் மறந்துவிடுகிறார். கையால் பின்னியதற்கு மறதியே கிடையாது. என் அலமாரியில் இரண்டு தட்டு கம்பளி. யாருக்கும் கொடுக்க முடியாது. வீட்டு வேலைக்கு வரும் அம்மா மாமி வீட்டிலும் வேலை செய்கிறார், அவரிடமே மூன்று இருக்கிறது. பின்னி அனுப்புவதற்கு நியாயம் இருந்த காலமும் உண்டு: மங்கி குல்லாய்க்கு மூலமான பாலக்லாவா, கிரைமியாப் போரில் நடுங்கிய சிப்பாய்களுக்காக ஆங்கிலேயப் பெண்கள் பின்னி அனுப்பியது. அந்தச் சிப்பாய்களுக்கு நிஜமாகவே குளிர்ந்தது ஐயா! எனக்கு ஃபேன் காற்றே போதவில்லை.

போன ஜனவரியில் சென்னைக்கு விடிகாலை ரயில். இருட்டில் ஆட்டோ கிடைக்காமல் சம்பிகே ரோடில் நின்றபோது, யார் கட்டாயமும் இல்லாமல் அந்தப் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். என் இடது தோள் வலதைவிட அரை அங்குலம் தாழ்ந்தது. எத்தனையோ தையற்காரர்களிடம் துணி தைத்திருக்கிறேன், ஒருவரும் கண்டதில்லை. சட்டை எப்போதும் அந்தப் பக்கம் மடிந்து கிடக்கும். இந்த ஸ்வெட்டர் மடியவில்லை. மாமி அந்தப் பக்கம் மட்டும் கண்ணி குறைத்துப் போட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவும் இல்லை. என் கோணல் தோளை ஒருவர் மூன்று வாரம் மனத்திலேயே வைத்திருந்திருக்கிறார் என்று நினைத்தபோது தொண்டையில் ஏதோ அடைத்தது. குளிராகவும் இருக்கலாம்.

திரும்பி வந்ததும் சாங்கி ஏரிக்கரையில் மாமாவைப் பார்த்தேன். நடைப்பயிற்சிக்கு வந்திருந்தார். உடம்பில் மெஷினில் பின்னிய நீல ஸ்வெட்டர். குளிர்காலத்தில் நடைபாதையில் கடை விரிக்கும் திபெத்தியர்களிடம் பேரம் பேசி வாங்கியதாம். மயிலுக்குப் போர்த்திய பேகனிடம், வீட்டில் கண்ணகி என்று ஒரு மனைவி இருக்கிறாள் என்று கபிலரும் பரணரும் போய் நினைவூட்ட வேண்டியிருந்தது. அந்தக் கண்ணகி இப்போது என் எதிரில் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நின்றார்.

"மாமி உங்களுக்குப் போடலையா?"

"ஒருதரம் வாய்விட்டுக் கேட்டுட்டேன், குளிர்றதுன்னு" என்றார் மாமா. "கேக்கறவாளுக்கு அவ போடறதில்லே."

சொல்லிவிட்டு மங்கி குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். அதுவும் கடையில் வாங்கியதுதான்.