ஐஸ் மாமா

நுவரெலியாவில் 6 டிகிரி என்று காலைச் செய்தியில் சொன்னால் நானுஓயா ஐஸ் மாமா 4 என்பார். 4 என்றால் 2. அவர் மனம் குளிரட்டுமே என்று யாராவது, "இன்னைக்கு ரெண்டாமே மாமா" என்று முந்திக்கொண்டால், "ரெண்டா? பூச்சியத்துக்கும் கீழ போயிருச்சு. ஒங்களுக்கெல்லாம் யாரு சொல்றா?" என்று முகத்தைச் சுளிப்பார். நுவரெலியா மார்க்கெட்டில் லீக்ஸுக்கு விலை குறைத்துக் கேட்கிறவர்கள்கூட ஓரிடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். மாமா நிறுத்த மாட்டார்.

நானுஓயாவில் மட்டுமா இவர்? தலவாக்கலையில் ஒருவர், கந்தப்பளையில் இரண்டு பேர், அட்டனில் பஸ் ஸ்டாண்டுக்கு ஒருவர் என்று மலையகம் முழுக்க இருக்கிறார்கள். தை பிறந்தால் குல்லாவுக்குள் தலையை விட்டு, மப்ளரைக் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆனால் மற்றவர்களுக்கு இல்லாத வயிற்றெரிச்சல் ஒன்று நானுஓயா மாமாவுக்கு உண்டு. 1885இலேயே ரயில் வந்த ஊர் இது. கொழும்பிலிருந்து கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இறங்குவது இங்கேதான். இறங்கியதும் கேட்பது, "நுவரெலியாவுக்கு எப்படிப் போறது?" ஊர்ப் பெயரும் அவர்களுக்கு, பனியும் அவர்களுக்கு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர்; நானுஓயா ஸ்டேஷன் 1,600 மீற்றருக்குச் சற்று மேலே. நூறு மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 0.65 டிகிரி குறையும் என்பது புத்தகக் கணக்கு. ஆக, இரண்டு ஊருக்கும் நடுவே கிடப்பது ஒன்றரை டிகிரி சொச்சம். அதை ஈடுகட்டத்தான் மாமா தினமும் இரண்டைக் கழிக்கிறார். மிச்சம் அவருடைய கமிஷன்.

வேடிக்கை என்னவென்றால், அவர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. செய்தியில் வருகிற எண் புல்லின் எண் அல்ல. தரையிலிருந்து நாலடி உயரத்தில், சுற்றிவரச் சட்டம் அடித்த வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியின் எண். அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் தோமஸ் ஸ்டீவன்சன் என்கிற ஸ்கொட்லாந்து வெளிச்சவீட்டுப் பொறியியலாளர். 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். பெட்டிக்குள் 4 காட்டும்போது புல் நுனி பூச்சியத்தைத் தொட்டிருக்கும். போதாக்குறைக்குக் குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டுப் பங்களாவில் விழாத வெள்ளைப்பனி பள்ளத்து லயத்து வாசலில் விழுவது இதனால்தான். மாமா இதையெல்லாம் எங்கோ கேட்டு வைத்திருக்கிறார். "பொட்டிக்குள்ள இருக்கிற குளிர எவன் கேட்டான்? நாம என்ன பொட்டிக்குள்ளயா படுக்கிறோம்?" என்று அவர் மடக்கினால் படித்தவர்களும் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை.

புல்லையும் நம்பாதவர்களுக்கு அவர் வைத்திருக்கும் சாட்சி, கோப்பை. நீலக் கரை போட்ட பழைய இனாமல் கோப்பை. ஓரத்தில் இரண்டு இடத்தில் இனாமல் பெயர்ந்து துரு ஏறியிருக்கும். இரவுச் செய்தி முடிந்ததும் அதில் விரல்கடை உயரத்துக்குப் பீலித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வெளியே போவார். இஸ்தோப்பில் வைக்கக் கூடாது, சிமெந்தில் பகல் சூடு மிச்சமிருக்கும். கூரைக்குக் கீழே வைக்கக் கூடாது, வானம் தெரிய வேண்டும். கோவாப் பாத்திக்கு ஓரமாகப் புல்லின்மேல் வைத்து, கோப்பை சாயாமல் ஒரு பக்கம் சின்னக் கல்லை முட்டுக் கொடுப்பார். பிறகு நாய் நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து மணிக்கு ஒருமுறை டோர்ச் அடித்துப் பார்ப்பார், இரண்டு மணிக்கு ஒருமுறை, நாலரைக்குக் கடைசியாக ஒருமுறை. அந்தக் கடைசி முறை வெளிச்சம் போதாது. குந்தி உட்கார்ந்து, சுண்டுவிரல் நகத்தால் தண்ணீரின் மேற்பரப்பை மெல்லச் சுரண்டிப் பார்ப்பார். நகத்தில் ஏதாவது தட்டுப்பட்டால் லயமே எழும்ப வேண்டியதுதான். தட்டுப்படாவிட்டால், "கட்ட வந்துச்சு, மேகம் கெடுத்திருச்சு."

அத்தைக்கு இது பிடிக்குமா? "வீட்டுல இருக்கிறதே ஆறு கோப்பை. அதுல ஒண்ணு ஐஸ் புடிக்கப் போயிருது. காலையில பள்ளிக்கூடம் போற புள்ளைக்கு ரொட்டி வைக்க நான் எங்க போறது?" என்று அவர் கேட்பது மூன்று காம்பராவுக்குக் கேட்கும். மாமாவுக்கு மட்டும் கேட்காது. ஒருநாள் பேரன் கடையிலிருந்து ஐஸ் கட்டி ஒன்றை வாங்கிவந்து விடியுமுன் கோப்பையில் போட்டுவிட்டான். மாமா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சதுரமாக இருந்தது. "இது மேலயிருந்து விழுந்தது" என்று தீர்ப்புச் சொன்னார். பேரன் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் ஏற்கப் போவதில்லை.

இப்போது மேல் லயத்திலும் ஒருவர் கோப்பை வைக்கத் தொடங்கியிருக்கிறார். அவருடையது அலுமினியம். மாமாவின் கோப்பையில் தண்ணீர் தண்ணீராகவே கிடந்த ஒரு விடியலில் அலுமினியத்தில் மெல்லிய தகடு கட்டிவிட்டது. அன்று மாமா சாயத் தண்ணி கூடக் குடிக்கவில்லை. மாலையில்தான் சமாதானம் கண்டுபிடித்தார்: அலுமினியம் செல்லாது. அது இல்லாத குளிரையும் இழுக்குமாம்.

கைபேசி வந்தபிறகு வியாதி முற்றிவிட்டது. மூன்று வானிலைச் செயலிகள் வைத்திருக்கிறார். மூன்றையும் பார்த்து, எது குறைவோ அதுவே அன்றைய உண்மை. கூடுதல் நம்பிக்கை நோர்வேக்காரர்களின் செயலிமேல். ஒரு காலத்தில் இந்த நாட்டுக்குச் சமாதானம் பேசித் தர வந்த நோர்வே, இப்போது நானுஓயாவுக்குக் குளிர் சொல்லித் தருகிறது. "நோர்வேக்காரன் மூணுன்னு போட்டிருக்கான்" என்று மாமா சொல்லும்போது, நோர்வேயில் யாரோ ஒருவர் நானுஓயாவை நினைத்தபடி ஜன்னலைத் திறந்து பார்த்ததுபோல் இருக்கும். உண்மையில் உலகத்தை விழுங்கிக் கணக்குப் போடுகிற பெரிய கணினி மாதிரிகளே இந்தச் செயலிகளுக்கு அடிப்படை. அவற்றில் பெயர் பெற்ற ஐரோப்பிய மாதிரி பூமியைச் சுமார் 9 கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரே கட்டத்துக்குள் நானுஓயாவும் நுவரெலியாவும் இடையிலிருக்கிற மலையும் பள்ளமும் அடங்கிவிடலாம். அதற்கு லயம் தெரியாது, கோவாப் பாத்தி தெரியாது. மாமாவிடம் இதைச் சொன்னால், "அப்ப நுவரெலியாவும் நானுஓயாவும் ஒண்ணுதான்னு அவனே ஒத்துக்கிட்டான்ல?" என்று நம்மையே சாட்சிக்கு இழுப்பார்.

மாசி பாதி கழிந்த பிறகுதான் அவருடைய உண்மையான சீசன். பகலில் வெயில் சுடும், கொழும்புக்காரர்கள் வருவது குறையும், ஊர் மப்ளரைக் கழற்றும். மாமா கழற்ற மாட்டார். "இன்னும் ஒரு பனி இருக்கு." தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்கிற பழமொழியை ஆராய்ச்சி முடிவாகவே எடுத்து வீசுவார். லயத்தில் மச்சு ஏது? தகரம்தான். அதைத் துளைக்கப் பனி தேவையில்லை, ஆணி போன ஓட்டை போதும். நுவரெலியா மாவட்டத்தின் சில இடங்களில் அதிகாலையில் துகள் உறைபனி ஏற்படலாம் என்று வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பு வந்தால் அவருக்குத் தூக்கம் கிடையாது. சில இடம் என்றால் அது நானுஓயா.

பருவம் தப்பியும் பனியை எதிர்பார்க்கிற ஊர்கள் உலகத்தில் இருக்கின்றன என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். 2017 மார்ச் 14 அன்று நியூயோர்க் நகரத்தில் ஒன்றரை அடி முதல் இரண்டு அடி வரை பனி கொட்டும் என்று எச்சரித்திருந்தார்கள். சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது எட்டு அங்குலம்கூட இல்லை. முந்தின நாளே கணிப்பு இறங்குவது அங்குள்ள வானிலைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. எண்ணைக் குறைத்தால் ஆபத்து நீங்கிவிட்டது என்று சனம் வெளியே கிளம்பிவிடும் என்று பயந்து பழைய எண்ணையே விட்டுவைத்தார்கள். இந்தக் கதையைச் சொன்னபோது மாமா கோபப்படவில்லை. "ரெண்டு மூணு கூட்டிச் சொல்றதுல என்னா தப்பு?" என்றார். தொழில் தர்மம் அவருக்குப் புரிந்தது. ரொறன்ரோவில் 2018இல் நம்முடைய சித்திரைப் புத்தாண்டு அன்றே உறைமழைப் புயல் அடித்தது. ஸ்காபரோவுக்குப் போன கூட்டாளி அனுப்பிய படத்தை இன்னும் கைபேசியில் வைத்திருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு.

பங்குனியில் இடியோடு ஆலங்கட்டி விழுந்தால் கதை வேறு திசையில் போகும். 'நுவரெலியாவில் பனிமழை' என்று யாராவது காணொளி போட, மாமா அதை நூறு பேருக்கு அனுப்புவார். இடிமுகிலுக்குள் மேலும் கீழும் அலைக்கழிந்து திரள்கிற ஆலங்கட்டி வேறு, பனி வேறு. பனி உருகாமல் தரைக்கு வர வழியெல்லாம் குளிர் வேண்டும். நம் தலைக்குமேல் காற்று பூச்சியத்துக்கு இறங்குவது ஏறத்தாழ 5,000 மீற்றரில். நாட்டின் உச்சியான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பிதுருவை வைத்தால் மாமாவுக்குப் பனி காட்டலாம்.

சரி, அந்த வெள்ளைப்பனி விழுந்துதான் விட்டது என்று வைப்போம். குதிரைப்பந்தயத் திடலுக்கும் அம்பேவெலவுக்கும் ஓடுகிறவர்களுக்கு அது படம். உருளைக்கிழங்குக்காரர் வெயில் ஏறுமுன் இலையில் தண்ணீர் அடித்துப் பனியைக் கரைக்க இருட்டிலேயே ஓடுகிறார்; இலைக்குள் இருக்கிற நீர் உறைந்தால் வெயில் பட்டதும் செடி கறுத்துத் துவண்டுவிடும். தேயிலையும் அப்படியே. 2019 ஜனவரியில் மூணாறு மலைகளில் விழுந்த உறைபனியில் தேயிலை பரப்புப் பரப்பாகக் கருகியது. இங்கேயும் பள்ளத்து மலையில் கொழுந்து கருகினால் நிறுவையில் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். தகரத்துக்கு உள்பக்கம் படிந்த ஈரம் விடியலில் சொட்டி நனைத்த துணியை மாற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவருக்கு 4 என்றால் என்ன, 2 என்றால் என்ன? அத்தை ஐம்பத்தைந்து வயது வரை கொழுந்து எடுத்தவர். பனி விழ வேண்டும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

மலையகத்தில் ஆளைக் கொல்வது குளிர் அல்ல, மழை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கை இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது, ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவிப்பு விடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மலையையும் மண்ணையும் கவனிக்கத் தொடங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர் நாகமுத்து பிரதீபராஜா தமிழில் தருகிற வானிலைக் குறிப்புகள் மாமாவின் கைபேசிக்கும் வருகின்றன. படிப்பார். "குளிரப் பத்தி ஒண்ணுமில்ல" என்று அடுத்ததுக்குப் போய்விடுவார். தையில் மூன்று தரம் டோர்ச் அடிக்கிறவர் ஐப்பசி மழையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். அவரை மட்டும் சொல்லி என்ன? பனிப் படம் வந்தால் ஊரே அனுப்புகிறது. சிவப்பு அறிவிப்பை எத்தனை பேர் அனுப்புகிறோம்?

இவ்வளவு சொன்னாலும், இரண்டு மணிக்கு எழுந்து வெளியே போய் ஒரு பாத்திரத்தைப் பார்க்கிற பொறுமை அந்த லயத்தில் அவர் ஒருவருக்குத்தான் இருக்கிறது. மழை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமான டின் ஒன்றை வெட்டவெளியில் வைத்து, ஒரு நாள் சேர்ந்த தண்ணீரின் உயரத்தை அடிமட்டத்தால் பார்த்தால் எத்தனை மில்லிமீற்றர் என்று ஓரளவு தெரிந்துவிடும். பால்மா டின் மாமா வீட்டிலேயே இருக்கிறது, அடிமட்டம் பேரனின் பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது. நானுஓயாப் பக்கம் போகிறவர்கள் யாராவது ஐப்பசிக்குள் அவரிடம் சொல்லி வையுங்கள். அவரைவிட வயதில் மூத்தவராகப் போங்கள். இளையவர்கள் சொன்னால் கேட்க மாட்டார்.