தூரத்து நீலம்

ஹட்டனில் யார் புத்தகம் வாங்கினாலும் அதை முதலில் வாசிப்பது பூசணம்தான். அட்டையில் தொடங்கி, பதிப்புரை, முன்னுரை, அச்சகத்தின் முகவரி என்று ஓரெழுத்து விடாது. அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது. பக்கத்திலிருக்கும் வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. அதில் ஊருக்குப் போக மிஞ்சியது எங்கள் தகரத்துக்கு வந்து சேரும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் செப்டெம்பர் வரை துணி காயாது, தீக்குச்சி பற்றாது. புத்தகங்களை அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கிப் பார்த்தேன். பூசணம் போய்விட்டது. ஆனால் விறகுப் புகையில் மாசிக் கருவாடு மாதிரி ஒரு வாசம் ஏறிவிட்டது. வகுப்பில் ஒரு பையன் என் கையிலிருந்த நாவலை மோந்து பார்த்துவிட்டு, "சேர், பசிக்குது" என்றான்.

ஆகவே ஓகஸ்ட் விடுமுறையில் நிலாவெளிக்குப் போய் வாசிப்பது என்று முடிவு செய்தேன். ஏப்ரல் மாதம் கொழும்பே வெயிலுக்குப் பயந்து நுவரெலியாவுக்கு ஏறி வருகிறது. மழைக்குப் பயந்து நாங்கள் இறங்கினால் என்ன? எங்கள் மலையில் மழையையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு அதே காற்றுதான் காய்ந்த கச்சானாகக் கிழக்குக் கரைக்குப் போகிறது. புத்தகங்களையும் வெயிலில் காயப்போட்டுக்கொள்ளலாம். இந்தத் திட்டத்தில் யாரும் குறை சொல்ல முடியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

என் மனைவி சொன்னாள். ஹட்டனிலிருந்து திருகோணமலைக்குக் கண்டி வழியாகப் பஸ்ஸில் போவதுதான் உலக வழக்கம். நான் போட்ட பாதை: கோச்சியில் கொழும்பு, அங்கிருந்து இரவு ரயிலில் திருகோணமலை.

"கெழக்க போறதுக்கு எதுக்குங்க மேக்க போறோம்?"

"அத்தைக்கு இடுப்பு வலி. பஸ் குலுக்கும்."

அவள் தாயான என் அத்தைக்கே அந்த வலி அப்போதுதான் தெரியவந்தது. இரவு ரயில் புறப்படும்வரை கொழும்பில் ஒரு பகல் முழுவதையும் கழித்தாக வேண்டும். கோட்டை நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் செட்டியார் தெரு. தெருவில் பூபாலசிங்கம் புத்தகசாலை. எல்லாம் தற்செயல்.

இந்தியப் புத்தகத்தின் பின்னட்டையில் 450 ரூபாய் என்று அச்சிட்டிருந்தால் அது இந்தியர்களுக்கு. 2022 நெருக்கடியில் நம் ரூபாய் விழுந்ததிலிருந்து ஏறத்தாழ மூன்றரை மடங்கு வைத்துத்தான் நாம் யோசிக்க வேண்டும். நான் யோசிப்பதில்லை. மனைவி யோசிப்பாள். அவள் ரூபாயிலும் கணக்குப் பார்ப்பதில்லை, பேரில் பார்ப்பாள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். அந்தப் பேரின் விலை 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ஆனது. பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து நிறுத்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். தாய் நாற்பது வருஷம் கொழுந்துக் கூடை சுமந்தவள் என்பதால் மகளுக்கு உலகத்துச் சாமான்களெல்லாம் பேரில்தான் விலை. நான் புரட்டிக்கொண்டிருந்த தடித்த நாவலைப் பார்த்து, "ஒண்ணே கால் பேரு" என்றாள். கடையில் வேறு யாருக்கும் புரியவில்லை. எனக்குக் கை சுட்டது. ஆனாலும் கீழே வைக்கவில்லை.

தெளிவத்தை ஜோசப்பின் 'குடை நிழல்', மு. நித்தியானந்தனின் 'கூலித்தமிழ்', கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' இன்னும் சில. என் பையில் ஒரு சாரம், ஒரு சட்டை, மற்றதெல்லாம் இலக்கியம். போர்ட்டரை அழைக்கலாமா என்று எங்கள் மகள் கேட்டாள். நான் திரும்பிப் பார்த்ததும் அவளே ஒரு கைப்பிடியைப் பிடித்தாள்.

நிலாவெளியில் கடல் மிக அழகாக இருந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் தாழை மரத்து நிழலில் பாயை விரித்து, பூசணம் கண்ட பழைய புத்தகங்களை வரிசையாகக் காயப்போட்டு, நடுவில் உட்கார்ந்தேன். அந்த வழியாகப் போன ஒரு வெள்ளைக்காரத் தம்பதி விலை கேட்டார்கள். கச்சான் காற்று நான் வாசிக்கும் முன்பே பக்கத்தைப் புரட்டியது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் கண்ணாடியிலிருந்து மணலைத் துடைக்க வேண்டியிருந்தது.

அத்தை பழக்க தோஷத்தில் ஜேர்சி போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னா பொஸ்தகம் மாப்புள?"

"'தூரத்துப் பச்சை'. நம்ம தோட்டத்துக் கதை அத்தை. 1964லயே எழுதுனது."

"அதத் தோட்டத்துல இருந்தே படிக்கலாமே. இம்புட்டுத் தூரம் வரணுமா?"

ஓர் இடத்தைப் பற்றி வாசிக்க அந்த இடத்தைவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும் என்ற இலக்கியக் கோட்பாட்டை விளக்கினேன். ஹட்டன் மழையில் போர்வைக்குள் உட்கார்ந்து நான் வாசித்தது ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' என்பதையும் சான்றாகச் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, சத்தமாப் படிங்க" என்றார்.

கதையில் கங்காணி வந்ததும் நிறுத்தினார். அந்த ஆளின் ஊர், சாதி, பெண்டாட்டி, கடன் எல்லாம் கேட்டார். புத்தகத்தில் இல்லாததை அவரே நிரப்பினார். கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் துண்டில் எழுதுவார்கள். அந்தக் கழிவை மட்டும் கூட்டினால் ஒரு வீடு கட்டியிருக்கலாம் என்றார். நான் இரண்டு பக்கம் வாசித்தபோது அத்தை இருபது பக்கம் சொல்லி முடித்திருந்தார்.

"எழுதுனது யாரு?"

"ஒரு பொம்பளைதான் அத்தை."

"அப்ப சரி. படிங்க."

இடையில் கடலைக் காட்டிக் கேட்டார்: "இதுதான மாப்புள எங்க அக்காவக் கொண்டுபோன கடலு?"

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர் பெரியத்தை. எழுபதுகளில் ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏற்றி, தலைமன்னாரில் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். எனக்குள் இருக்கும் வாத்தியார் சும்மா இருப்பாரா? "இல்ல அத்தை, அது பாக்கு நீரிணை. மேக்குப் பக்கம். இது வங்காள விரிகுடா. இங்கேருந்து நேரா போனா நிக்கோபார்" என்றேன்.

"தண்ணி ஒண்ணுதான" என்று சொல்லிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு போய் அலையில் நின்றார். கடல் தாண்டி வந்த தகப்பனுக்குப் பிறந்து, எழுபது வயதைத் தாண்டிய பிறகு கடலில் கால் வைக்கிறார். நான் வரைபடத்தோடு பாயில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அறிவியல் வேலையைக் காட்டியது. உப்பு ஈரத்தை இழுக்கும். கடற்காற்றில் உப்பேறிய புத்தகங்கள் ஹட்டன் பனியை முன்னைவிட ஆசையாகக் குடித்தன. பூசணம் பழைய வாசகர்களோடு புதியவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. கொண்டுபோனவை, கொழும்பில் வாங்கியவை, திருகோணமலை டவுனில் மனைவி ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாங்கியவை எல்லாம் சேர்ந்து பரணில் இடமில்லை. கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

மனைவி அதைக் குனிந்து பார்த்தாள். சண்டை போடவில்லை. கொப்பியில் கோடு போட்டு, எல்லாவற்றையும் பேராக்கிக் கூட்டி, அடியில் இரண்டு கோடு இழுத்தாள். பிறகு சட்டம் வந்தது: நாளொன்றுக்கு 18 பக்கம் வாசித்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். முழுப் பேருக்குப் பால் தேத்தண்ணி, அரைப் பேருக்குச் சீனியில்லாத பிளேன்டீ. கங்காணி அத்தை. வாசித்ததை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். அவர் கேட்டால்தான் கணக்கு.

நேற்று தொண்டை கட்டும்வரை வாசித்து 18ஐ எட்டிவிட்டேன். அத்தை கொப்பியில் 16 என்று எழுதச் சொன்னார்.

"பதினெட்டு அத்தை, எண்ணிப் பாருங்க."

"ரெண்டு பக்கம் தண்ணிக்குக் கழிச்சுட்டேன் மாப்புள" என்றார்.