கலால் துறையைக் கேளுங்கள்

புதுச்சேரி சுகாதாரத் துறை ஐயா அவர்களுக்கு,

அரியாங்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். அடுத்த பெருந்தொற்று வருவதற்குள் உங்கள் துறையைக் கலால் துறையோடு இணைத்துவிடும்படி விண்ணப்பம்.

காரணம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் எங்கள் ஊரில் தொற்று தெரிந்ததும் தெருக்களை அடைத்தீர்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. பக்கத்துத் தெருவுக்கு ஆம்புலன்ஸ் வந்துபோனதைப் பார்த்தவனுக்கு நோட்டீஸ் எதற்கு? பயம் தெளிந்த பிறகு உங்கள் கையில் மிஞ்சியது மாஸ்க் போடாதவர்களுக்கு 100 ரூபாய் அபராதம்தான். எங்கள் ஆட்கள் கடலூர் சாலையில் போலீஸ் நின்ற பாலம் வருவதற்கு முன்பே வண்டியை மெதுவாக்கி, தாடையில் கிடந்த மாஸ்க்கை மூக்குக்கு ஏற்றுவார்கள். போலீஸ்காரரைத் தாண்டியதும் இறக்குவார்கள். போட்டது அவருக்காக. அது அவருக்கும் தெரியும்.

கலால் துறையைப் பாருங்கள். 2020 மே 25-ல் மதுக்கடை திறந்தபோது, சரக்குக்காகத் தமிழ்நாட்டுக் கூட்டம் வந்துவிடுமே என்ற கவலை இருந்தது. 'வராதீர்கள்' என்று போர்டு வைத்தால் நிற்கிற கூட்டமா அது? கொரோனா வரி போட்டு, விலையைத் தமிழ்நாட்டு விலைக்கு ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்ட யாருக்குப் பைத்தியம்? கடை வாசலில் சுண்ணாம்பு வட்டம் வேறு. வரிசை நகரும், பாட்டில் நிச்சயம் என்று தெரிந்ததால் வட்டத்தை விட்டு ஒரு கால் வெளியே போகவில்லை.

அதே ஆள் அப்போது காய்ச்சல் என்று உங்களிடம் சொல்லியிருந்தால் தனிமைப்படுத்தலில் 14 நாள் கூலி போயிருக்கும். சொல்லாவிட்டால் ஒன்றும் போயிருக்காது. ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய் அரசு கொடுத்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது ஊருக்கே பொதுவாகக் கொடுத்தது, காய்ச்சலை ஒப்புக்கொண்டதற்காக அல்ல. இந்தக் கணக்கைப் போடக் கொத்தனாருக்குப் பட்டப்படிப்பு வேண்டாம்.

2021 ஏப்ரல் 6 தேர்தலுக்கு முன் பிரசார வேன்களைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தபோது அபராத ரசீதுப் புத்தகம் எங்கே போயிருந்தது? டிசம்பரில் 1973-ம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டத்தைத் தூசு தட்டித் தடுப்பூசியைக் கட்டாயமாக்கினீர்கள். வில்லியனூர்ப் பக்கம் ஒருவர் ஊசிக்குத் தப்ப மரத்தில் ஏறிக்கொண்டார். அதே மாதக் கடைசியில் புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு அனுமதி வந்தது. மரத்தின் மேலிருந்து பார்த்தால் எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்திருக்கும்.

இணைப்பு முடியாதென்றால் கலால் அதிகாரி ஒருவரையாவது டெபுடேஷனில் வாங்கிக்கொள்ளுங்கள். போஸ்டர் அடிக்கிற காசில் சம்பளம் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
அரியாங்குப்பம்வாசி