607202: ஓர் எண்ணியல் ஆய்வு

எலவனாசூர்கோட்டையின் அஞ்சல் குறியீட்டு எண் 607202. ஆறு லட்சத்து ஏழாயிரத்து இருநூற்று இரண்டு என்று அதை யாரும் சொல்வதில்லை. பேங்க் கவுன்டரிலும் கூரியர் கடையிலும் இலக்கம் இலக்கமாக ஒப்பித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது ஒரு முழு எண், அதற்கும் குணநலன்கள் உண்டு என்பது இதனால் கவனிப்பாரற்றுப் போயிற்று.

பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்தது. வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். முதல் இலக்கமான 6 தமிழ்நாடு, கேரளப் பகுதிகளைக் குறிக்கும். 607 கடலூர் வட்டாரத்துக்கு உரியது. அன்று தென்னார்க்காட்டில் இருந்த ஊர் 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்கும் 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் போனது. எண்ணுக்கு மட்டும் இன்னும் கடலூரோடுதான் உறவு.

பகுத்துப் பார்த்தால் 2 × 19² × 29². அதாவது 551இன் வர்க்கத்தைப் போல் இருமடங்கு. ஆகவே, பக்கம் 551 அடி கொண்ட சதுர மனையின் மூலைவிட்டத்தை வர்க்கப்படுத்தினால் அஞ்சல் நிலையம் வந்துவிடும். ஆறு இலக்க எண்கள் ஒன்பது லட்சத்தில் இப்படி ஒரு வர்க்கத்தின் இருமடங்காக அமைபவை 484 மட்டுமே. 607 என்று தொடங்கும் ஆயிரத்தில் இது ஒன்றுதான். உளுந்தூர்பேட்டையின் 606107 ஒற்றைப்படை, போட்டிக்கே வராது. மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சியின் 606202 சரியாக ஆயிரம் குறைவு. அதன் பாதி எந்த எண்ணின் வர்க்கமும் அல்ல. தலைநகர் என்பதற்காக எண்ணியல் சலுகை காட்டுவதில்லை.

இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இதை இரு வழிகளில் எழுதலாம்: 551² + 551², 779² + 19². இதனால் 19², 551², 779² மூன்றும் 303240 என்ற சம இடைவெளியில் நிற்கின்றன. இராமானுஜன் போற்றிய 1729 இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் அமைவது. அந்த உயரம் இதற்கில்லை. 50கூட 49 + 1 ஆகவும் 25 + 25 ஆகவும் பிரியும். ஆனால் 50க்குத் தபால் வராது.

நடைமுறைப் பயன் குறைவு. ரூ. 6,07,202 சீட்டுப் பணத்தை 3, 4, 5, 6, 8, 10, 11, 12, 20 என எத்தனை பேருக்குப் பங்கிட்டாலும் இரண்டு ரூபாய் மிஞ்சும். 7 பேர் என்றால் ஒரு ரூபாய். 19 பேரோ 29 பேரோ சேர்ந்தால் சச்சரவில்லை. எண்ணின் காரணிகள் மொத்தம் 18. தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை 388351. ஆகவே இது குறைவு எண் வகை. இலக்கக் கூட்டுத்தொகையான 17ஆலும் வகுபடாததால், கப்ரேக்கர் வகுத்த ஹர்ஷத் எண்களில் இடமில்லை.

2025இல் அஞ்சல் துறை பத்து இடங்கள் கொண்ட டிஜிபின்னை அறிமுகப்படுத்தியது. நான்கு மீட்டர் சதுரம்வரை முகவரி காட்டும் அதில் எழுத்தும் எண்ணும் கலந்து வருவதால் அதற்குக் காரணிகள் கிடையாது.